மனமுவந்து

வெல்லாவெளி
21.01.2024

அன்புள்ள மச்சாள் வசந்தாதேவிக்கு,

இங்கே எல்லோரும் சுகம், என் முழங்காலைத் தவிர. கல்லடியில் நீங்களும் கொழும்பில் உங்கள் மகன் நிலோஜனும் சுகமாக இருப்பீர்கள்.

போனில் கேட்காமல் என்னத்துக்குக் கடிதம் என்று யோசிப்பீர்கள். போனில் கேட்டால் "ஓம் மச்சாள், பார்ப்பம் மச்சாள்" என்று சொல்லி வைத்துவிடுவீர்கள். நாற்பது வருஷமாக எனக்குத் தெரியாதா? அதோடு, இது எழுத்தில் வேண்டிய விஷயம்.

உங்கள் அண்ணனுக்கு எழுபத்தொன்று ஆகிவிட்டது. கோயிலின் சாவியும் கணக்கும் பார்க்கிற வண்ணக்கர் பொறுப்பை இந்த ஆவணித் திருவிழாவோடு விடப்போகிறார். சாவிக்கொத்தை இடுப்பில் செருகவே கை நடுங்குகிறது. அவருக்குப் பிறகு யார் என்று நான் உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. நம் பக்கத்தில் குடி தாய்வழி. வண்ணக்கரின் மகனுக்கு அந்த இடம் இல்லை, சகோதரியின் மகனுக்குத்தான். அப்படிப் பார்த்தால் நிலோஜன்.

ஆனால் மச்சாள், பத்து வருஷமாக அந்தக் கோயிலில் கிடந்து உழைக்கிறவன் என் மகன் தனுசன். கிணறு இறைத்தது அவன். கூரை ஓடு மாற்றியது அவன். நிலோஜன் கொழும்பில் கொம்பியூட்டருக்கு முன்னால் இருக்கிற பிள்ளை. கொடியேற்றத்துக்கு வந்தால் தீர்த்தத்துக்கு முன்னமே பஸ் ஏறிவிடுவான். குறையாகச் சொல்லவில்லை.

ஆலய சபைச் செயலாளர் ரதீஸ் ஒரு வாசகம் எழுதித் தந்திருக்கிறார். "எங்கள் குடியில் என் மகனுக்குள்ள வண்ணக்கர் உரிமையை, என் அண்ணன் மகன் தனுசனுக்கு மனமுவந்து விட்டுக்கொடுக்கிறேன்." தாய் எழுதி, மகன் கீழே கையெழுத்து வைத்தால் போதும். "மனமுவந்து" என்ற சொல் கட்டாயம் இருக்க வேண்டுமாம். இல்லாவிட்டால் நாளைக்கு யாராவது நெருக்கி எழுதி வாங்கியது என்று கதைப்பார்கள்.

உங்களுக்கு இது பெரிய காரியமில்லை. பதிலை எதிர்பார்த்து வாசலில் இருக்கும்,
மச்சாள் சீதேவிப்பிள்ளை


கல்லடி
09.02.2024

அன்பான மச்சாளுக்கு,

கடிதம் கிடைத்தது. முழங்காலுக்கு ஒத்தணம் கொடுங்கள். குந்தியிருந்து வேலை செய்யாதீர்கள். எனக்கு வழமையான பிரஷர்தான், வேறு குறையில்லை.

நீங்கள் கேட்டதை வாசித்தேன். தனுசனைப் போலப் பிள்ளை கிடைக்காது, அதில் எனக்கு இரண்டு கருத்தில்லை. நிலோஜன் போன வாரம் வந்து போனான். அவனிடமும் கதைக்க வேண்டும். கொஞ்சம் பொறுங்கள்.

போன வெள்ளி காத்தான்குடியில் பஹ்மியின் புடவைக் கடையில் உங்கள் தம்பி கோணாமலையின் மனைவி வதனியைக் கண்டேன். உங்களைத்தான் முதலில் விசாரித்தாள். உங்களுக்கு ஏதோ கடிதம் எழுதினாளாம், பதில் வரவில்லையாம். நான் மேலே கேட்கவில்லை.

அண்ணனை வெயிலில் வயல் வட்டைக்கு அலையவிடாதீர்கள்.

உங்கள் மச்சாள்,
வசந்தாதேவி


வெல்லாவெளி
17.02.2024

மச்சாளுக்கு,

சுகம். உங்கள் பிரஷர் குறைய வேண்டும் என்று பிள்ளையாருக்குச் சொல்லியிருக்கிறேன்.

பொறுக்கச் சொல்லியிருக்கிறீர்கள். பொறுப்பதில் எனக்குப் பழக்கமுண்டு. ஒவ்வொரு பெரும்போகமும் வெட்டி முடிந்ததும் புதுநெல் குற்றிய அரிசியில் முதல் மரைக்கால் எங்கே போகிறது? கல்லடிக்கு. இவர் சைக்கிளில் கட்டிக்கொண்டு போன காலமும் உண்டு, இப்போது தனுசனின் மோட்டார் சைக்கிளில் போகிறது. நாங்கள் புதிர்ச்சோறு தின்பது அதற்குப் பிறகுதான். விதைத்தது நான், புல்லுப் பிடுங்கியது நான். "சகோதரிக்குப் போட்டுத்தான் மற்றது" என்பார். ஒரு நாளும் நான் தடுத்ததில்லை.

வதனி எழுதிய கடிதமென்று ஒன்று எனக்கு நினைவில் இல்லை. அவள் அப்படித்தான், எதையாவது சொல்லுவாள்.

நிலோஜனிடம் கதைக்க ஒரு போன் போதாதா? சித்திரைக்குள் எழுதித் தந்தால் நல்லது.

இப்படிக்கு,
சீதேவிப்பிள்ளை


கல்லடி
30.03.2024

அன்பான மச்சாளுக்கு,

பதில் பிந்திவிட்டது, குறை நினைக்க வேண்டாம். புதிர் அரிசி வந்தது. நல்ல மணம். கையால் குற்றிய அரிசி என்று பார்த்ததுமே தெரிந்தது; உங்கள் முழங்காலோடு ஏன் இந்த வேலை?

மற்ற விஷயம் யோசனையில் இருக்கிறது. நிலோஜன் சித்திரைக்கு வருகிறான்.

வெயில் கடுமை. பாலத்தில் நடக்க முடியவில்லை. எல்லோரையும் கேட்டதாகச் சொல்லுங்கள்.

வசந்தாதேவி


வெல்லாவெளி
18.04.2024

மச்சாளுக்கு,

சுகமா என்று கேட்க மாட்டேன். சுகமாகத்தான் இருக்கிறீர்கள், படத்தில் பார்த்தேன்.

வருஷப்பிறப்புக்கு மறுநாள் உங்கள் வட்ஸ்அப் ஸ்டேட்டஸ். நிலோஜன் பட்டு வேட்டியில் நிற்கிறான், இவர் அவன் தோளில் கை போட்டுக்கொண்டு நிற்கிறார். கீழே "மாமாவும் மருமகனும்" என்று எழுத்து, நாலு பூ. மச்சாள், அன்றைக்கு இவர் என்னிடம் வட்டைக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனவர். வட்டைக்குப் போன மனிசன் கல்லடியில் பாயாசம் குடிக்கிறார். நான் இங்கே மத்தியானச் சோற்றை மூடி வைத்துக்கொண்டு, வரம்பில் விழுந்துவிட்டாரோ என்று ஆள் அனுப்பிப் பார்த்தேன். அதனால்தான் உங்களை போனில் ப்ளொக் பண்ணினேன். தனுசன் எப்படிப் பண்ணுவதென்று காட்டித் தரமாட்டேன் என்றான், நானே கண்டுபிடித்தேன்.

எனக்கு எரிச்சல். அதை எழுதுவதில் வெட்கமில்லை. வாய்க்குள் வைத்து வைத்து நெஞ்செல்லாம் புளித்துவிட்டது. தொண்ணூறில் மருதடிமுனையில் என் சீதன வீடு எரிந்த பிறகு, பிள்ளைகளை இழுத்துக்கொண்டு இங்கே வந்தோம். நான் குடியிருக்கிற இந்த வீடு உங்கள் அம்மா உங்களுக்குத் தந்த வீடு. நான் தினம் கூட்டுகிற வாசல் உங்கள் வாசல். நீங்கள் ரீச்சர் வேலை கிடைத்துக் கல்லடிக்குப் போனீர்கள், "இருங்கோ மச்சாள், எனக்கென்னத்துக்கு" என்றீர்கள். அந்தப் பெரிய மனசையும் நான்தான் முப்பத்துநாலு வருஷமாகச் சுமக்கிறேன். இவருக்கு நீங்கள் சொல்வது சொல், நான் சொல்வது சத்தம். இப்போது என் பிள்ளை உழைத்த இடமும் உங்கள் பிள்ளைக்கு. நான் கேட்டது ஒரு கையெழுத்து. அதையும் மூன்று மாதமாக யோசிக்கிறீர்கள்.

இதற்கு மேல் எழுதினால் பாவம் சேரும்.

சீதேவிப்பிள்ளை


கல்லடி
14.05.2024

மச்சாளுக்கு,

உங்கள் கடிதத்தைப் பல தடவை வாசித்தேன். முழங்காலைப் பற்றி இந்த முறை ஒன்றும் எழுதவில்லை. எப்படி இருக்கிறது?

அண்ணன் அன்றைக்கு வந்தது எனக்கும் திடீரென்றுதான். உங்களிடம் சொல்லாமல் வந்தார் என்று தெரிந்திருந்தால் படம் போட்டிருக்க மாட்டேன். சரி, போட்டிருப்பேன். பொய் எதற்கு?

இப்போது நான் சொல்வதைக் கோபப்படாமல் வாசியுங்கள். வதனியை மறுபடியும் கண்டேன். இந்த முறை கேட்டேன். மருதடிமுனை அம்மன் கோயிலில் உங்கள் குடிக்கு வண்ணக்கர் உங்கள் தம்பி கோணாமலை. அவருக்குப் பிறகு அந்த இடம் அவருடைய சகோதரியின் மகனுக்கு. அந்தச் சகோதரி நீங்கள். அந்த மகன் தனுசன். அங்கே கோயிலைப் பார்க்கிறவன் வதனியின் மகன் லக்ஷன். அவனுக்கு விட்டுத்தரச் சொல்லி வதனி உங்களுக்கு எழுதி மூன்று வருஷம். நீங்கள் ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

நீங்கள் எனக்கு எழுதிய முதல் கடிதத்தை எடுத்து, பெயர்களை மட்டும் மாற்றிப் பாருங்கள் மச்சாள். வதனியின் கடிதம் வரும்.

இன்னொன்றும் இருக்கிறது. ஒரு ஆள் இரண்டு குடிக்கு நிற்க ஏலாது. தனுசன் எங்கள் குடிக்காக இங்கே நிற்க வேண்டுமென்றால், உங்கள் குடியில் அங்கே அவன் பெயர் இருக்கக் கூடாது. இது உங்களுக்குத் தெரியாததல்ல.

நான் எழுதித் தருவதற்கு இதை நிபந்தனையாகச் சொல்லவில்லை.

வசந்தாதேவி


வெல்லாவெளி
20.05.2024

மச்சாளுக்கு,

முழங்கால் அப்படியே.

வதனியின் விஷயம் வேறு, இது வேறு.

சீதேவிப்பிள்ளை


கல்லடி
12.06.2024

அன்பான மச்சாளுக்கு,

இத்துடன் நீங்கள் கேட்டது இருக்கிறது. நான் எழுதி, நிலோஜன் கையெழுத்து வைத்திருக்கிறான். ரதீஸ் தம்பியிடம் கொடுங்கள்.

முழங்காலுக்குச் சித்தாலேபத்தோடு கொஞ்சம் நல்லெண்ணெய் கலந்து பூசிப் பாருங்கள். எனக்குத் தோள்மூட்டுக்குக் கேட்டது.

வசந்தாதேவி


வெல்லாவெளி
19.07.2024

அன்புள்ள மச்சாளுக்கு,

நீங்கள் சுகமாக இருக்க வேண்டும். எண்ணெய் கலந்து பூசினேன், வலி கொஞ்சம் இறங்கியிருக்கிறது.

உங்கள் கடிதம் வந்த அன்று நான் துள்ளாத குறை. சரியாக வாசிக்கக்கூட இல்லை. நிலோஜனின் கையெழுத்தைக் கண்டதும் மடித்து இவரிடம் நீட்டினேன். தனுசனுக்குப் பிடித்த பால் கட்டிப் பலகாரமும் செய்தேன். உங்களுக்கு நன்றி எழுத வேண்டும் என்று நினைத்தேன். எழுதவில்லை. நன்றி சொல்வதும் எரிச்சலாக இருந்தது. வாங்கினாலும் எரிச்சல், வாங்காவிட்டாலும் எரிச்சல் என்றால் நான் என்ன பிறவி என்று யோசித்துப் பார்த்தேன்.

போன ஞாயிறு ஆலய சபைக் கூட்டம். இவர் உங்கள் கடிதத்தைக் கொடுத்தார். எல்லோருக்கும் சம்மதம். அப்போது ஒரு பெரியவர் கேட்டாராம், "பொடியன்ட பேர் மருதடிமுனையிலயும் கிடக்கே, அதுக்கு என்ன செய்யிற?" என்று. இவர் வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றினார். வதனி கேட்டு எழுதியதும் கூட்டத்தில் கதையாகியிருக்கிறது. என்னிடம் ஒன்றுதான் கேட்டார்: "வதனிக்கு என்ன எழுதின நீ?" தனுசன் முற்றத்தில் நின்றான். அவனுக்கு மூன்று வருஷமாக ஒன்றுமே தெரியாது. அவன் என்னைப் பார்த்தான். ஏசவில்லை. "எனக்கு அங்க ஒண்டும் வேணாம் எண்டு உங்களுக்குத் தெரியுந்தானேம்மா" என்றான். பிறகு மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு கோயிலுக்குப் போனான், விளக்குத் துலக்க. ஆவணிக்குப் பிறகு அந்த விளக்கை அவன் தொட ஏலாமல் போகலாம். காரணம் நான்.

ஆகையால் உங்களுக்கு உண்மை எழுதுகிறேன். வதனியின் கடிதம் என் சீலைப் பெட்டியின் அடியில் கிடக்கிறது. ஒரு நாளும் மறக்கவில்லை. வீடு எரிந்த பிறகு என் அம்மா தம்பியோடு வதனியின் வீட்டுக்குப் போய்விட்டா. கடைசி மாதம் நான் பார்க்கப் போனேன். கஞ்சி கரைத்து ஒரு கரண்டி கொடுத்தேன், வாயை மூடிக்கொண்டா. வதனி வந்து "ஆக் காட்டுங்க மாமி" என்றாள், திறந்தா. அம்மாவுக்கு நினைவில்லை, ஆளைத் தெரியவில்லை, எல்லாம் எனக்குத் தெரியும். ஆனாலும் திறந்தது அவளுக்கு. வெளியே வந்து வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். செத்த வீட்டில் எல்லோரும் "வதனி மகளைப் போலப் பார்த்தாள்" என்றார்கள். மகள் நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

மூன்று மாதம் கழித்து அவளுடைய கடிதம் வந்தது. மச்சாள், எனக்கு மருதடிமுனைப் பதவி வேண்டாம். தனுசன் அந்தக் கோயில் வாசலை மிதித்தே ஆறு வருஷம். எனக்கு வேண்டியது இதுதான்: அவளுக்குக் கிடைக்கக் கூடாது. ஒரு பொருளில் நமக்கு ஆசையே இல்லாமலும் அதை மற்றவள் கைக்குப் போகாமல் பிடித்துக்கொண்டிருக்க மனிசரால் ஏலும் என்று என்னைக் கொண்டுதான் தெரிந்துகொண்டேன்.

எழுதட்டுமா? நீங்கள் சொல்லுங்கள்.

உங்கள்,
சீதேவிப்பிள்ளை


கல்லடி
27.07.2024

அன்பான மச்சாளுக்கு,

வலி இறங்கியது சந்தோஷம். விடாமல் பூசுங்கள்.

எழுதுங்கள் என்றோ வேண்டாம் என்றோ சொல்ல எனக்குத் தகுதி இல்லை. அது ஏன் என்று நீங்களும் தெரிந்துகொள்ள வேண்டும்.

நிலோஜன் கையெழுத்து வைத்தது ஜூனில் இல்லை. உங்கள் முதல் கடிதம் வந்த கிழமையே, பெப்ரவரியில் வந்தபோதே வைத்துவிட்டான். மோட்டார் சைக்கிள் சீட்டில் வெறும் தாளை வைத்து அடியில் கையெழுத்துப் போட்டு, "மேல நீங்க எழுதுங்கம்மா, தனுசன் மச்சான்தான் சரி" என்று சொல்லிவிட்டுப் போனான். ஒரு நிமிஷம் ஆகவில்லை. மேலே இருந்த வெறும் இடத்தை நிரப்ப எனக்கு நாலு மாதம் சென்றது. "நிலோஜனோடு கதைக்க வேண்டும்" என்றதெல்லாம் சாட்டு.

அண்ணன் என் வீட்டுக்கு ஏன் வருகிறார் மச்சாள்? புதிர் கொண்டு வருவார், கொடியேற்றத்துக்கு நாள் சொல்ல வருவார், நிலோஜனுக்கு மந்திரம் சொல்லித்தர வருவார். நான் அவருக்கு அடுத்த வண்ணக்கரின் தாய். அதை எழுதிக் கொடுத்துவிட்டால் நான் யார்? கல்லடியில் தனிய இருக்கிற ஒரு பென்ஷன் ரீச்சர். நீங்கள் அவருக்கு மத்தியானச் சோற்றை மூடி வைத்துக்கொண்டு காத்திருந்ததாக எழுதினீர்கள். அதை வாசித்து எனக்கு எவ்வளவு எரிச்சல் வந்தது என்று உங்களுக்குத் தெரியாது. என் மனிசன் போய்ப் பதினாறு வருஷம். மூடி வைக்க எனக்கு ஆள் இல்லை.

இந்தக் கடிதத்தை அண்ணனுக்குக் காட்டாதீர்கள்.

வசந்தாதேவி


வெல்லாவெளி
24.08.2024

அன்புள்ள மச்சாளுக்கு,

பிரஷர் குளிசையை நேரத்துக்குப் போடுங்கள். நான் சுகம், முழங்காலையும் சேர்த்து.

உங்கள் கடிதத்தை இவருக்குக் காட்டவில்லை. ஆனால் வருகிற சனிக்கிழமை இவர் கல்லடிக்கு வருவார். நான் அனுப்பவில்லை. புதிரும் இல்லை, நாள் சொல்லவும் இல்லை, மந்திரமும் இல்லை. "சும்மா தங்கச்சியைப் பாத்திட்டு வாறன்" என்று காலையில் தானாகவே சொன்னார். எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. மீன் பொரித்துக் கட்டித் தருகிறேன், சூடாக்கிச் சாப்பிடுங்கள். அவருக்கு நடுத்துண்டு வேண்டாம், முள் எடுக்கத் தெரியாது.

வதனிக்கு எழுதினேன். எனக்கு இந்த மாதிரி எழுதத் தெரியாது என்பதால், உங்கள் கடிதத்தை ரதீஸிடம் ஒரு நாள் கேட்டு வாங்கி, முன்னால் வைத்துப் பார்த்து எழுதினேன். பெயர்களை மட்டும் மாற்றினேன், நீங்கள் சொன்னது போலவே. "என் தம்பி மகன் லக்ஷனுக்கு" என்று வந்த இடத்தில் கை நின்றுவிட்டது. அடுத்த சொல் என்னவென்று உங்கள் தாளைப் பார்த்தேன். "விட்டுக்கொடுக்கிறேன்" என்று இருந்தது. முதலில் இருந்து திரும்ப வாசித்தேன். ரதீஸின் வாசகத்தையும் எடுத்து வைத்துப் பார்த்தேன். கட்டாயம் இருக்க வேண்டுமென்று அவர் சொன்ன அந்தச் சொல் உங்கள் கடிதத்தில் இல்லை.

இவரிடம் கேட்டேன். ரதீஸ் அன்றைக்கே கண்டுபிடித்துவிட்டாராம். திருப்பி எழுதி வாங்குவோமா என்று கேட்டதற்கு இவர், "அது கிடக்கட்டும் தம்பி, என்ட தங்கச்சி பொய் எழுதமாட்டா" என்றாராம். பாருங்கள், அதிலும் உங்களுக்குத்தான் பேர்.

நானும் போடவில்லை.

தனுசனின் கையெழுத்தோடு, புதன்கிழமை நானே மருதடிமுனைக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வதனி விரல் வைத்து ஒவ்வொரு சொல்லாக வாசித்தாள். இரண்டு தரம் வாசித்தாள். லக்ஷன் கதவடியில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்குத் தனுசனின் காது. "மச்சாள், ஒரு சொல் விட்டுப் போச்சு போல" என்றாள். அவளும் எங்கேயோ கேட்டுத் தெரிந்துதான் வைத்திருக்கிறாள். நான் சொன்னேன், "விட்டுப் போகல்ல. அது இன்னும் வரல்ல கா. வந்தா மறுகா எழுதித் தாறன்" என்று. அவள் உள்ளே போனாள். கஞ்சி கரைத்துக் கொண்டுவந்து கையில் தந்தாள். குடித்துவிட்டுத்தான் பஸ் ஏறினேன்.

தனுசனுக்கு முதலாம் திருவிழாவன்று சாவி கொடுக்கிறார்கள். நீங்களும் நிலோஜனும் வர வேண்டும். இங்கேதான் தங்க வேண்டும், உங்கள் வீடுதானே.

போனில் உங்களைத் திரும்பத் திறந்துவிட்டேன். ஆனாலும் ஒன்றைக் கடிதமாகவே கேட்டு வைக்கிறேன். அந்தச் சொல் உங்களுக்கு எப்போதாவது வந்தால் எனக்கு எழுதுங்கள். எனக்கு வந்தால் நான் எழுதுகிறேன்.

அவசரமில்லை.

உங்கள் மச்சாள்,
சீதேவிப்பிள்ளை